பாட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா? மறைந்த பாப் நட்சத்திரங்களின் வாரிசுகள் எடுத்த நான்கு வழிகள்

மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தபோது அவருக்கு 50 கோடி டாலருக்கு மேல் கடன் இருந்தது. லண்டனில் 50 கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது, ஒன்றுகூட நடக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. பத்திரிகைகள் அவரைப் பல வருடங்களாகவே முடிந்துபோனவராகத்தான் எழுதிவந்தன. அப்படிப்பட்டவரின் பெயரில், இறந்த பிறகு மட்டும், ஃபோர்ப்ஸ் வணிகப் பத்திரிகையின் கணக்குப்படி 300 கோடி டாலருக்கு மேல் வருமானம் வந்திருக்கிறது.

பாட்டு நல்ல பாட்டு, அதனால் பணம் வந்தது என்று இதை முடித்துவிட முடியாது. பிரின்ஸின் பாட்டுகளும் அந்தத் தரத்தில் உள்ளவைதான். அவருடைய வாரிசுகள் ஆறு வருடம் நீதிமன்றத்தில் இருந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லியை ராக் இசையின் அரசன் என்றே உலகம் சொல்கிறது. அவர் மகளுக்கு வந்துசேர்ந்த சொத்து ஒரு கட்டத்தில் அவர் வாழ்ந்த வீட்டைக் கட்டிக் காக்கவே போதாத நிலையில் இருந்தது. இறந்தவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, அவர் போன பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கணக்கை மாற்றியிருக்கிறது.

அந்த முடிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. எல்லாரும் கேட்கும் கேள்வி, விற்பதா வைத்துக்கொள்வதா என்பது. எனக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று முக்கியமாகப் படுகிறது: வருகிற ஒவ்வொரு யோசனைக்கும் சரி, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அந்தக் கை ஒன்றாக இருந்த இடங்களில் விற்றவர்களும் நன்றாக இருக்கிறார்கள், வைத்துக்கொண்டவர்களும் நன்றாக இருக்கிறார்கள்.

கையில் என்ன இருக்கிறது?

ஒரு பாடகர் இறந்தால் வாரிசுகளுக்கு வருவது ஒரே சொத்து இல்லை. பாட்டை எழுதி மெட்டமைத்ததற்கான உரிமை ஒன்று. அதைத்தான் இசைத் துறையில் பப்ளிஷிங் என்கிறார்கள். அந்தப் பாட்டை ஸ்டூடியோவில் பாடிப் பதிவுசெய்த ஒலிநாடாவுக்கான உரிமை வேறு, அதன் பெயர் மாஸ்டர். ஒரு பாட்டு வானொலியிலோ, ஸ்பாட்டிஃபையிலோ, விளம்பரத்திலோ ஒலித்தால் இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் போகும். மூன்றாவது, அவருடைய பெயர், முகம், குரல். சட்டையில் படம் போடுவது முதல் மேடை நாடகம் வரை இதில் அடங்கும். நான்காவது, வெளிவராமல் பெட்டிக்குள் கிடக்கும் பதிவுகள். சிலருக்கு ஐந்தாவதாக ஒரு வீடும் இருக்கும்.

பப்ளிஷிங்கையும் மாஸ்டரையும் விற்பது, வாடகை வரும் வீட்டை விற்பது மாதிரி. வருட வருமானத்தைப் பதினைந்து மடங்கு, இருபது மடங்கு என்று பெருக்கி ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவார்கள். வட்டி விகிதம் தரையோடு கிடந்த 2020, 2021 ஆண்டுகளில் முதலீட்டு நிறுவனங்கள் இதற்காகப் போட்டிபோட்டு வாங்கின. வட்டி ஏறியதும் அந்த வேகம் தணிந்தது.

அமெரிக்காவில் வாரிசுகளை விற்கத் தூண்டும் இன்னொரு காரணம் வரி. ஒருவர் இறந்த ஒன்பது மாதத்துக்குள் அவர் விட்டுப்போன சொத்துக்கு எஸ்டேட் வரி கட்ட வேண்டும், பெரிய சொத்துக்கு அது 40 சதவீதம். பாட்டு உரிமையை வைத்துக்கொண்டு ரொக்கம் இல்லாமல் இருப்பவர்கள் திண்டாடிப்போவார்கள். அதே சமயம், இறந்த நாளில் சொத்துக்கு என்ன மதிப்போ அதுவே வாரிசுக்கு அடக்கவிலையாகக் கணக்காகும். அதனால் உடனே விற்றால், விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி பெரிதாக இருக்காது. பாடகர் உயிரோடு இருக்கும்போது விற்பதைவிட வாரிசு விற்பது வரிக்கணக்கில் மலிவு. மறைந்தவர்களின் பாட்டு இவ்வளவு கைமாறுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

எல்விஸ்: வீட்டைத் திறந்து வைத்த வழி

எல்விஸ் 1977 ஆகஸ்ட் 16 அன்று, 42 வயதில், மெம்பிஸில் உள்ள கிரேஸ்லேண்ட் வீட்டில் இறந்தார். அதற்கு நான்கு வருடம் முன்பே அவருக்குப் பெரிய அடி விழுந்திருந்தது. 1973இல் அவருடைய மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர், அதுவரை பதிவான பாட்டுகளுக்கான ராயல்டி உரிமையை ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துக்கு 54 லட்சம் டாலருக்கு எழுதிக்கொடுக்க வைத்தார். எழுநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள். பெயர் வாங்கித் தந்த எல்லாப் பாட்டும் அதில் அடக்கம். அந்தத் தொகையிலும் பாதி பார்க்கருக்குப் போனது. ஆக, உலகம் முழுக்க எல்விஸின் இசைத்தட்டு விற்றாலும் பழைய பாட்டுகளிலிருந்து குடும்பத்துக்குப் பணம் வராது.

அவருடைய அப்பா வெர்னனும் 1979இல் போய்விட, பொறுப்பு விவாகரத்தான மனைவி பிரிஸில்லாவிடமும் உடன் அறங்காவலர்களிடமும் வந்தது. வாரிசான மகள் லிசா மேரி அப்போது சிறுமி. வீட்டைப் பராமரிக்கவே வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலர் செலவானது. வீட்டை விற்றுவிடலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். பிரிஸில்லா விற்கவில்லை. ஜாக் சோடன் என்பவரை நிர்வாகத்துக்கு வைத்து, 1982 ஜூன் 7 அன்று கிரேஸ்லேண்டைப் பொதுமக்களுக்குத் திறந்தார். போட்ட பணம் சில வாரங்களிலேயே திரும்பி வந்தது. பின்னாளில் வருடத்துக்கு ஐந்து, ஆறு லட்சம் பேர் வந்து பார்க்கும் இடமாக அது மாறியது.

அவர்கள் செய்த இரண்டாவது காரியம் இன்னும் பெரியது என்பேன். இறந்தவரின் பெயரும் முகமும் யாருக்குச் சொந்தம் என்பதே அப்போது தெளிவில்லாமல் இருந்தது. யார் வேண்டுமானாலும் எல்விஸ் பொம்மை செய்து விற்றார்கள். எல்விஸ் தரப்பு நீதிமன்றங்களிலும் சட்டமன்றத்திலும் விடாமல் போராடி, 1984இல் டென்னசி மாநிலத்தில் ஒருவரின் பெயரும் உருவமும் வாரிசுக்குப் போகும் சொத்து என்று சட்டம் வரக் காரணமானது. இன்று அமெரிக்காவில் மறைந்த நட்சத்திரத்தின் படம் போட்ட பனியனுக்கு வாரிசு காசு கேட்க முடிகிறதென்றால், அதற்கு வழி போட்டதில் கிரேஸ்லேண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த கட்டம்தான் எனக்கு வருத்தம் தருவது. லிசா மேரி 25 வயதில் சொத்தைப் பெற்றார். 2005இல், எல்விஸ் பெயரிலான வியாபாரத்தை நடத்திய எல்விஸ் பிரெஸ்லி என்டர்பிரைஸஸ் நிறுவனத்தின் 85 சதவீதத்தை ராபர்ட் சில்லர்மன் என்ற தொழிலதிபருக்கு விற்றார். ரொக்கம், கடன் அடைப்பு, பங்குகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 10 கோடி டாலர். மீதி 15 சதவீதத்தையும் வீட்டையும் அப்பாவின் சொந்தப் பொருட்களையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். பங்குகளாக வந்த பகுதி, வாங்கிய நிறுவனம் நொடித்ததும் காணாமல் போனது. 2018இல் தன் முன்னாள் மேலாளர் மீது அவர் வழக்குத் தொடுத்தபோது, அறக்கட்டளையில் ரொக்கமாக மிஞ்சியது 14,000 டாலர்தான் என்று மனுவில் சொன்னார். அவருடைய தாறுமாறான செலவுதான் காரணம் என்று மேலாளர் பதில் வழக்குப் போட்டார். யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். பிரிஸில்லா இருபது வருடத்துக்கு மேல் கட்டியதில் ஒரு பகுதியைப் பங்குத்தாளாக மாற்றியதுதான் தவறான முடிவு. விலைக்கு பதிலாக வாங்குபவரின் பங்கை வாங்கினால், பாட்டின் அபாயத்தோடு அந்த நிறுவனத்தின் அபாயத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

வீட்டை விற்காதது அவரைக் காப்பாற்றியது. லிசா மேரி 2023 ஜனவரியில் இறந்தார். 2024இல் யாரோ போலிப் பத்திரம் தயாரித்து, கடனுக்கு ஈடாக வைத்ததென்று சொல்லி கிரேஸ்லேண்டை ஏலம்விட முயன்றார்கள். அவருடைய மகள் ரைலி கீயோ நீதிமன்றம் போய் அதைத் தடுத்தார். மூன்று தலைமுறை தாண்டியும் அந்த வீடு குடும்பத்திடமே இருக்கிறது.

மைக்கேல் ஜாக்சன்: பாதியை விற்று, பிடியை விடாத வழி

ஜாக்சனுக்கு 2002இல் எழுதிய உயில் இருந்தது. வழக்கறிஞர் ஜான் பிராங்காவும் இசைத் துறைக்காரர் ஜான் மெக்லெய்னும் நிர்வாகிகள். பயன் அடைபவர்கள் தாயார் கேத்ரின், மூன்று குழந்தைகள், அறப்பணிகள். முடிவெடுப்பவர்கள் ஒரு பக்கம், பணம் பெறுபவர்கள் இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினை குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை, சண்டையும் வந்தது. ஆனால் வேலை நின்றுபோகவில்லை.

முதலில் செய்தது, நடக்காமல் போன லண்டன் கச்சேரிகளின் ஒத்திகைப் படக்காட்சிகளை சோனி நிறுவனத்துக்கு 6 கோடி டாலருக்கு விற்றது. அதைத் திரைப்படமாக்கி இறந்த நான்கே மாதத்தில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க 26 கோடி டாலர் வசூல். கடன்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது, மூச்சுவிட நேரமும் கிடைத்தது. பிறகு சர்க் து சொலே என்ற சர்க்கஸ் குழுவோடு சேர்ந்து 2011இல் ஒரு உலகச் சுற்றுப்பயணம், 2013இல் லாஸ் வேகஸில் நிரந்தரக் காட்சி. 2022இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நாடகம். அண்ணன் மகன் ஜாஃபர் ஜாக்சனையே நாயகனாக வைத்து வாழ்க்கை வரலாற்றுப் படமும் எடுத்தார்கள்.

பெரிய பணம் வந்தது வேறோர் இடத்திலிருந்து. 1985இல் ஜாக்சன் 4.75 கோடி டாலர் கொடுத்து ஏ.டி.வி. என்ற பப்ளிஷிங் நிறுவனத்தை வாங்கினார். பீட்டில்ஸ் குழுவின் சுமார் 250 பாட்டுகள் அதில் இருந்தன. அடுத்தவர் பாட்டுக்கு இவ்வளவா என்று அப்போது பலரும் வியந்தார்கள். 1995இல் அதை சோனியோடு பாதிக்குப் பாதியாக இணைத்தார். 2016இல் அந்தப் பாதியை மட்டும் நிர்வாகிகள் சோனியிடம் 75 கோடி டாலருக்கு விற்றார்கள். அந்த ஒரு வருடம் ஃபோர்ப்ஸ் கணக்கில் ஜாக்சனின் வருமானம் 82.5 கோடி டாலர். அதற்கு முன் எந்த மறைந்த பிரபலமும் ஒரே வருடத்தில் அவ்வளவு ஈட்டியதில்லை. 2018இல் ஈ.எம்.ஐ. பப்ளிஷிங்கில் இருந்த பங்கும் 28.75 கோடி டாலருக்குப் போனது.

விற்ற வரிசையைக் கவனியுங்கள். முதலில் போனது அடுத்தவர் பாட்டுகளின் பங்கு. ஜாக்சன் எழுதிய சொந்தப் பாட்டுகளை வைத்திருந்த மிஜாக் மியூசிக்கை அப்போது தொடவே இல்லை. அதற்கும் மாஸ்டர்களுக்கும் ஆள் வந்தது 2024இல். பாதிப் பங்குக்கு மட்டும் சோனி 60 கோடி டாலராவது கொடுத்தது என்றும், முழுமைக்கும் 120 கோடிக்கு மேல் மதிப்புப் போட்டது என்றும் அப்போது செய்தி வந்தது. நாடகமும் மேடைக் காட்சிகளும் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. தாயார் கேத்ரின் இந்த விற்பனையை எதிர்த்தார். மகன் இதை விற்க விரும்பியிருக்க மாட்டான் என்பது அவருடைய வாதம். கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகிகளுக்கு அந்த அதிகாரத்தை உயிலே கொடுத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஒரு தாயின் மனசு அதில் நோகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 15 வருடம் பொறுத்து, கடன் எல்லாம் தீர்ந்த பிறகு, நல்ல விலைக்குப் பாதியை மட்டும் கொடுத்தது கணக்கில் குறைசொல்ல முடியாத முடிவு.

ஒரு நீதிமன்ற விவரம் இந்தக் கதையின் மறுபக்கத்தைக் காட்டும். இறந்த நாளில் ஜாக்சனின் பெயருக்கும் உருவத்துக்கும் என்ன மதிப்பு என்று வரித்துறையோடு பெரிய வழக்கு நடந்தது. நிர்வாகிகள் கணக்குக் காட்டியது 2,105 டாலர். வரித்துறை விசாரணையில் கேட்டது 16.1 கோடி டாலர். 2021இல் நீதிபதி மார்க் ஹோம்ஸ் 41.5 லட்சம் டாலர் என்று முடித்தார். உலகிலேயே அதிகம் அறியப்பட்ட முகங்களில் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு குறைவு? குழந்தைகள் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளால், சாவதற்கு முந்திய வருடங்களில் அந்த முகத்தை வைத்து விளம்பரம் செய்ய யாரும் முன்வரவில்லை. 2005இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்த பிறகும் நிலைமை மாறவில்லை. 2019இல் வெளியான ஆவணப்படம் அந்தக் குற்றச்சாட்டுகளைத் திரும்பவும் முன்னே கொண்டுவந்தது. அவர் புகழை நிர்வகிப்பவர்களுக்கு இது இன்னும் ஓயாத விஷயம். வருமானத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் அந்தப் புகாரைச் சொன்னவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. வாங்குகிற நிறுவனமும் இந்த அபாயத்தை விலையில் கழித்துத்தான் பார்க்கும்.

பெட்டியைத் திறந்ததிலும் அவர்களுக்குச் சறுக்கல் உண்டு. 2010இல் வெளியிட்ட ஆல்பத்தில் மூன்று பாட்டுகளின் குரல் ஜாக்சனுடையதே இல்லை என்று ரசிகர்கள் சொன்னார்கள், வழக்கும் போட்டார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து 2022இல் அந்த மூன்று பாட்டுகளும் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. ரசிகன் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்த குரல் அது. அவனைச் சந்தேகப்பட வைப்பதைவிடப் பெரிய நஷ்டம் ஒரு பாடகரின் பெயருக்கு இல்லை.

பிரின்ஸ்: உயில் எழுதாதவர்

பிரின்ஸ் தன் பாட்டின் உரிமைக்காக வாழ்நாள் முழுக்கச் சண்டைபோட்டவர். 1990களில் வார்னர் இசை நிறுவனத்தோடு மோதியபோது முகத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார், தன் பெயரையே ஒரு குறியீடாக மாற்றினார். 2014இல் தன் பழைய மாஸ்டர்களின் உரிமையைத் திரும்பப் பெற்றார். உரிமை என்றால் என்ன என்று அவரைவிடத் தெளிவாகத் தெரிந்த பாடகர் யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் 2016 ஏப்ரல் 21 அன்று மினசோட்டாவில் தன் வீடும் ஸ்டூடியோவுமான பெய்ஸ்லி பார்க்கில் இறந்தபோது உயில் எழுதி வைத்திருக்கவில்லை.

ஒரு தங்கையும் அப்பா வழி, அம்மா வழி உடன்பிறந்தவர்களும் சேர்த்து ஆறு பேர் வாரிசுகள் என்று நீதிமன்றம் அறிவிக்கவே ஒரு வருடம் ஆனது. நடுவில் நானும் வாரிசு என்று வந்தவர்கள் பலர். நிர்வாகத்தை முதலில் ஒரு வங்கி பார்த்தது, பிறகு வேறொரு வங்கி. யுனிவர்சல் நிறுவனத்தோடு போட்ட 3.1 கோடி டாலர் ஒப்பந்தம், ஏற்கெனவே வார்னருக்குக் கொடுத்திருந்த உரிமைகளோடு மோதியதால் 2017இல் நீதிமன்றத்தாலேயே ரத்தானது. பெய்ஸ்லி பார்க்கின் பாதாள அறைப் பதிவுகளை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒரு பாதுகாப்புக் கிடங்குக்கு மாற்றியதற்கும் வாரிசுகளிடையே சண்டை. நிர்வாகிகள் சொத்துக்குப் போட்ட மதிப்பு 8.23 கோடி டாலர், வரித்துறை போட்டது 16.32 கோடி. 2022இல் 15.64 கோடி என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் ஆறு பேரில் இரண்டு பேர் இறந்தே போனார்கள்.

கடைசியில் சொத்து இரண்டாகப் பிரிந்தது. மூன்று வாரிசுகளின் பங்குகளை வாங்கிய பிரைமரி வேவ் என்ற பப்ளிஷிங் நிறுவனம் ஒரு பக்கம், மற்ற வாரிசுகளும் அவர்களுடைய ஆலோசகர்களும் இன்னொரு பக்கம். பாதிக்குப் பாதி. இங்கேயும் பாதி விற்பனைதான், ஜாக்சன் வழியும் பாதி விற்பனைதான். பிரின்ஸ் வீட்டில் அது யோசித்து எடுத்த முடிவில்லை. தனித்தனியாக, காத்திருந்து களைத்தவர்கள் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு விலகியதன் விளைவு. அதன் பாதிப்பு இன்னும் தொடர்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஒரு நீண்ட ஆவணப்படத்தை இயக்குநர் எஸ்ரா எடல்மனை வைத்து எடுத்தது. சுமார் ஒன்பது மணி நேரப் படம். பிரின்ஸ் சொத்தை நிர்வகிப்பவர்கள் ஆட்சேபம் தெரிவிக்க, 2025இல் அந்தப் படம் வெளிவராது என்று அறிவித்தார்கள். எடுத்தவரின் பல வருட உழைப்பு, பார்க்கக் காத்திருந்த ரசிகர்கள், எல்லாமே வீண்.

அவர் விட்டுப்போன பெட்டியில் நல்ல சரக்கு இருந்தது உண்மை. 1983இல் பியானோவும் மைக்குமாகத் தனியே பாடிய ஒரு ஒத்திகை நாடாவை 2018இல் வெளியிட்டார்கள். இடையில் அவர் பேசுவதுகூட அதில் கேட்கும். ஆனால் தன் குரலின் ஒவ்வொரு இழையையும் தானே செதுக்கிய ஒருவர், இதை வெளியிடச் சம்மதித்திருப்பாரா என்று சொல்ல ஒரு வரிகூட அவர் எழுதிவைக்கவில்லை. பிரிட்டிஷ் பாடகி ஆமி வைன்ஹவுஸ் விஷயத்தில் இதற்கு நேரெதிரான காரியம் நடந்தது. 2011இல் அவர் இறந்த பிறகு, யுனிவர்சல் பிரிட்டன் தலைவர் டேவிட் ஜோசப் அவருடைய மிச்ச டெமோ (முழுமையாகாத மாதிரி) பதிவுகளை அழித்துவிட்டதாக 2015இல் வெளிப்படையாகச் சொன்னார். தனக்குப் பிறகு வருபவரும் அதை வெளியிட முடியாதபடி செய்ததுதான் நோக்கம். எனக்கு அழித்ததில் உடன்பாடு இல்லை. வெளியிடாமல் பூட்டிவைத்திருக்கலாம். ஆனால் அரைகுறைப் பதிவை முழுப்பாட்டாக விற்க மாட்டேன் என்ற அந்த உறுதியை மதிக்கிறேன்.

போவி: தானே முடித்துவிட்டுப் போனவர்

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 1997இலேயே தன் பழைய ஆல்பங்களின் எதிர்கால ராயல்டியை ஈடாக வைத்து 5.5 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டவர். புரூடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, பழைய மேனேஜரிடம் இருந்த உரிமைகளைத் தன் பெயருக்கு மீட்டார். பத்து வருடத்தில் கடனும் அடைந்தது, உரிமையும் அவரிடமே முழுதாக வந்தது. விற்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

2016 ஜனவரி 10 அன்று, கடைசி ஆல்பம் வெளியான இரண்டாம் நாள் இறந்தார். உயில் தெளிவு: மனைவி இமானுக்குப் பாதி, மகனுக்கும் மகளுக்கும் கால் கால், உதவியாளருக்கும் பிள்ளையை வளர்த்தவருக்கும் தனித் தொகை. வழக்கு வம்பு ஒன்றுமில்லை. ஆறு வருடம் பொறுத்து, விலை உச்சத்தில் இருந்த 2022 ஜனவரியில், பப்ளிஷிங்கை வார்னர் சாப்பலுக்குக் கொடுத்தார்கள். 25 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. உடைகள், கைப்பிரதிகள் என்று எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை லண்டனின் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள். 2025 செப்டம்பரில் அங்கே அவர் பெயரில் மையம் திறந்தது. யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்து, அவருடைய உடையை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2020இல் குடும்பம் ஒப்புக்கொள்ளாத ஒரு வாழ்க்கை வரலாற்றுப் படம் அவருடைய பாட்டு ஒன்றுகூட இல்லாமல்தான் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து, குடும்பம் ஆவணக் களஞ்சியத்தையே திறந்துவிட்ட ஆவணப்படத்தில் முழுக்க அவர் குரலும் பாட்டும் இருந்தன. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் சரி என்று சொல்லும்போது அதற்கு எடை இருக்கிறது.

நம் பக்கம்

இந்த ஒப்பீட்டை அப்படியே தமிழ்ப் பாடகர்களின் குடும்பங்களுக்குப் பொருத்த முடியாது. நம் ஊரில் பாடகரிடம் பெரும்பாலும் பப்ளிஷிங்கும் இருக்காது, மாஸ்டரும் இருக்காது. படப் பாட்டின் பதிவு தயாரிப்பாளரிடமோ ஆடியோ நிறுவனத்திடமோ இருக்கும். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி பங்கு போகத்தான் வேண்டும், அதை வாரிசையும் பதிப்புரிமைச் சங்கத்தையும் தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது என்று 2012 சட்டத் திருத்தம் சொல்கிறது. பாட்டின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை நிற்கும். பாடகரின் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது குரலும் பெயரும்தான்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது விலை வந்திருக்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு பாட வைத்தார். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, அதற்கான தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருடம் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமலேயே பயன்படுத்தினார்கள் என்று மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மறைந்த பவதாரிணியின் குரலைத் தம்பி யுவன் சங்கர் ராஜாவே தன் இசையில் திரும்பக் கொண்டுவந்தார்.

டென்னசி மாநிலம் 2024இல் எல்விஸ் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டு, குரலைச் செயற்கையாக நகலெடுப்பதையும் தடுத்திருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படம் தொடர்பாக ஜெ.தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் இறப்போடு முடிகிறது, வாரிசுக்குப் போகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. இதனால் இன்றைக்கு நம் பாடகர்களின் குடும்பத்துக்கு உறுதியான பிடி, உயிரோடு இருக்கும்போது எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான். பாட ஒத்துக்கொள்ளும் தாளில் குரலை நகலெடுக்கக் கூடாது, எடுக்க வேண்டுமானால் இன்னாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இதை ஏன் இன்னும் பல பாடகர்கள் செய்யவில்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை.

எந்தக் குடும்பத்துக்கு எது?

கடன் கழுத்தை நெரிக்கிறது, ஆனால் திறமையான நிர்வாகி ஒருவரிடம் முழு அதிகாரம் இருக்கிறது என்றால் ஜாக்சன் வழி. முதலில் அடுத்தவர் சொத்தில் உள்ள பங்கை விற்று, சொந்தப் பாட்டைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, அதிலும் பாதியோடு நிறுத்துவது. வாரிசு இரண்டு மூன்று பேர்தான், அவசரப் பணத் தேவை இல்லை என்றால் போவி குடும்பம் செய்ததைப் போல விலை ஏறும்வரை பொறுத்து பப்ளிஷிங்கை விற்று, பொருட்களைப் பொதுவுக்குக் கொடுத்து, படம் எடுக்க வருபவர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருக்கலாம். பாட்டின் உரிமையே இல்லை, வீடு இருக்கிறது என்றால் கிரேஸ்லேண்ட். ஆனால் லிசா மேரி செய்ததைப் போல வாங்குபவரின் பங்கை விலையாக வாங்கிக்கொள்ள வேண்டாம்.

வாரிசு ஐந்தாறு பேர், உயில் இல்லை, ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்றால்? அங்கே வைத்துக்கொள்வது எனக்கு நல்ல யோசனையாகத் தெரியவில்லை. எல்லாருமாக உட்கார்ந்து, ஒரே வாங்குபவரிடம், ஒரே நேரத்தில், ஒரே விலைக்கு விற்பதுதான் சரி. அப்படிச் செய்யும்போதும் பெயர், குரல், வெளிவராத பதிவுகள் இந்த மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு தடுப்புரிமையைக் குடும்பம் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில், 1978க்குப் பிறகு ஆசிரியரே எழுதிக்கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்து அவரோ, அவர் இல்லாவிட்டால் துணையும் பிள்ளைகளுமோ திரும்பக் கேட்கலாம். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தேதி எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டால், விலை பேசுவதில் இன்னும் கொஞ்சம் பலம் கிடைக்கும்.